மோகனத்தோடு நின்றுவிடாதீர்கள்

சிங்கப்பூரில் கர்நாடக வயலின் பயிலும் இளையர்களுக்கு,

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. உங்கள் அரங்கேற்றங்களிலும் சமூக மன்ற விழாக்களிலும் கோயில் கச்சேரிகளிலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற ரசிகர்களில் நானும் ஒருவன். வாசிப்பவருக்கு இருக்கிற அளவு இல்லாவிட்டாலும் கேட்பவனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்கு ஒரு குறை. உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன நல்லிணக்க நாள் வந்தால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். தேசிய தினம் வந்தாலும் கூப்பிடுகிறார்கள். மேடையின் ஒரு பக்கம் நீங்கள் வயலினோடு சம்மணமிட்டு உட்காருகிறீர்கள். மறுபக்கம் எர்ஹூ என்ற வில் வாத்தியத்தோடோ குஜெங் என்ற மீட்டு வாத்தியத்தோடோ உங்கள் வயதுச் சீன மாணவர் ஒருவர் நாற்காலியில் உட்காருகிறார். அவர் ‘மல்லிகைப்பூ’ என்ற சீன நாட்டுப்பாட்டை வாசிப்பார். நீங்கள் மோகனத்தில் ‘வரவீணா’வைத் தொடுவீர்கள். பிறகு ஒரே சுரவரிசையை இருவரும் சேர்ந்து வாசிப்பீர்கள். அப்புறம் கேள்வியும் பதிலுமாக நாலு ஆவர்த்தனம். கடைசியில் மூன்று முறை வரும் ஒரு கோர்வை, கைதட்டல், புகைப்படம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

இதில் ஒரு சுரம்கூட அந்த மேடையில் பிறந்ததில்லை. கோர்வையை எர்ஹூக்காரர் எதிரே நிறுத்திய தாளைப் பார்த்து வாசிக்கிறார். உங்கள் பங்கும் யாரோ எழுதி, கைப்பேசிக்கு ஒலிப்பதிவாக வந்து, நீங்கள் மனப்பாடம் செய்ததுதான். மனோதர்மம் நம் சங்கீதத்தின் உயிர் என்று எங்கே கேட்டாலும் சொல்கிறீர்கள். சீனக் கருவி ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்த உயிரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள். இதைத்தான் கலப்பிசை என்று அறிவிக்கிறார்கள். எதுவும் எதோடும் கலந்ததாக என் காதுக்குத் தெரியவில்லை. இரண்டு பாட்டுகள் ஒரே மேடையில் வரிசையில் நின்றன, அவ்வளவே.

ஏற்பாட்டாளர்களை நொந்துகொள்ளலாம்தான். நம் கலை நாட்காட்டியே அப்படி. எஸ்பிளனேடில் சீனப் புத்தாண்டை ஒட்டி ஹுவாயி, நவம்பரில் கலா உத்சவம் என்று ஆளுக்கொரு விழா. ஒன்றுக்குப் போகிறவர் மற்றொன்றுக்குப் போவது அபூர்வம். நானும் அவர்களுக்கே எழுதியிருக்கலாம். ஆனால் வில் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏன் எப்போதும் மோகனம்? காரணம் உங்களுக்கே தெரியும். சீனர்களின் ஐந்து சுரக் கோவை மோகனத்தோடு பொருந்துகிறது. கிரகபேதம் படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் தூரம் போவீர்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஆதார சட்ஜமாக்கினால் மத்தியமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. சீனர்களும் இந்த ஐந்து நிலைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கு அழகாகச் சரியாகிவிடுகிறது. சரியாகிவிட்டதால் தேடலும் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆரோகண அவரோகணம் தெரிந்தால் ராகம் தெரிந்துவிட்டதாக உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதில் சீன இசைக்கும் பொருந்தும்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் வீவக அடுக்குமாடிகளுக்கு நடுவில் திடலில் கொட்டகை போட்டு வாயாங் என்ற இசைநாடகம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீனர்களில் ஒரு பிரிவினரான தியோச்சியூக்காரர்களின் வாயாங்காக இருந்தால், தாளங்களின் இரைச்சலுக்கும் மேலே, மூக்கால் பாடுகிற குரல்போல ஒரு வில் வாத்தியம் கூர்மையாகக் கேட்கும். இரண்டே தந்தி கொண்ட அதுதான் அந்தக் குழுவின் நரம்பிசைக்குத் தலைமை. நம்மில் பெரும்பாலோர் அந்தச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். நீங்கள் வயலின் வாசிப்பவர்கள். நீங்களாவது திறந்து வைத்திருக்க வேண்டாமா?

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தியோச்சியூக்காரர்கள் தங்கள் பாட்டுகளைப் பழைய எண் குறியீட்டில் எழுதி வைத்தார்கள். தந்தி அதே, எண்ணும் அதே. விரல் மெல்ல அழுத்தினால் ஒரு பண். கனமாக அழுத்தினால் சுரம் மேலேறி வேறொரு பண். அப்படி ஏறிய சுரங்கள் நம் பன்னிரண்டு சுரத்தானங்களில் எதிலும் உட்காராமல் நடுவில் நிற்கின்றன. ‘ஹுவோவூ’ என்று இன்னொரு பண் இருக்கிறது. அதில் ஐந்து என்று எழுதிய சுரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். சோகத்துக்கு உரிய பண் அது. தோடி காந்தாரத்தைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னால் உங்களால் முடியாது. அவர்களாலும் அந்த ஐந்தை எழுதிக் காட்ட முடியாது. பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். இத்தனை நெருங்கிய உறவை வைத்துக்கொண்டு நாம் மல்லிகைப்பூப் பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுடைய பெரிய நரம்பிசைப் பாட்டுகள் 68 அடிகள் கொண்டவை. குளிர்காலக் காகங்கள் நீரில் விளையாடுவதைப் பெயராகக் கொண்ட ‘ஹான்யா சிஷுயி’ அவற்றில் புகழ்பெற்றது. முதலில் மிக மெதுவாக வாசிப்பார்கள். பிறகு அதே 68 அடிகள் இறுகும். முடிவில் ஓடும். ஓட ஓட, எந்த இடத்தில் எந்தச் சுரத்தைச் சேர்த்து நெருக்குவது, எதை விடுவது என்பதை வாசிப்பவரே முடிவு செய்கிறார். காலப்பிரமாணம் மாறும்போது பாட்டு எப்படி உருமாறும் என்பதை விளம்பத்திலும் துரிதத்திலும் சாதகம் செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வயலின் சீன இசைக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் வயலினை நம் மடியில் கொண்டுவந்து வைத்த கதையை அறிவீர்கள். அதே மாதிரிக் கதை 1920-களில் கேண்டனீஸ் இசையிலும் நடந்தது. யின் ஸிஜோங் என்ற கலைஞர் வயலினைக் கேண்டனீஸ் இசைக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தினார். அதே காலத்தில் லூ வென்செங் எர்ஹூவின் பட்டுத் தந்தியை எடுத்துவிட்டு வயலினின் எஃகுத் தந்தியைக் கட்டி, கருவியை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்து, காவ்ஹூ என்ற உச்சக்குரல் கருவியை உண்டாக்கினார். இன்றும் கேண்டனீஸ் இசைநாடகக் குழுவின் தலைவர் கையில் காவ்ஹூ இருக்கும், அல்லது வயலின் இருக்கும். அந்த வயலின்காரர் உட்கார்ந்துதான் வாசிக்கிறார், உங்களைப் போலவே. அவருக்கு முழுப்பாட்டும் எழுதித் தருவதில்லை. பழைய முறையில், அடுத்து எந்த வகைப் பாட்டு வருகிறது என்பதைப் பாடுகிற நடிகர் கைச்சாடையால் காட்டுவார். வயலின்காரர் அதைப் பிடித்துக்கொண்டு பாடகரின் மூச்சுக்குப் பின்னாலேயே போவார்.

பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது விரல் துறுதுறுக்க வேண்டும். பாடகர் ஆலாபனையில் எங்கே திரும்பப் போகிறார் என்று தெரியாமலே அரை நொடி பின்னால் நிழல்போலத் தொடர்கிறீர்களே, அந்தக் கலையைத்தான் சொல்கிறேன். உங்களுக்குக் கிடைத்த சொத்துகளில் அதுவே பெரியது என்பது என் எண்ணம். சீன நரம்பிசையோடு உங்களைச் சேர்த்துவைக்கப்போவது அந்த நிழல் வாசிப்புத்தான்.

ஏனென்றால் அவர்களுடைய கூட்டிசையில் முறை வைத்து வாசிப்பது கிடையாது. ஷாங்காய்த் தேநீர்க் கடைகளில் வளர்ந்த ஜியாங்நான் பட்டு-மூங்கில் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். எர்ஹூ, பிபா, புல்லாங்குழல், யாங்சின் எல்லாம் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. ஆனால் ஒவ்வொருவரும் அதைத் தன் கருவிக்குத் தக்கபடி வேறுமாதிரி அலங்கரித்து வாசிக்கிறார். நீ நெருக்கினால் நான் விலகுவேன், நீ விலகினால் நான் நெருக்குவேன் என்பது அவர்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம். அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அந்தந்தக் கணத்தில் கேட்டு, தன் வழியை மாற்றிக்கொள்கிறவர்தான் நல்ல கலைஞர். அங்கே மனோதர்மம் தனியாக எழுந்து நின்று சவால் விடுவதில்லை. சேர்ந்து நடக்கும்போதே நடக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி-பதில் சுரங்களைப் பாருங்கள். நீங்கள் மிஸ்ர நடையில் ஒரு கணக்கை வீசுகிறீர்கள். எர்ஹூக்காரர் அதைத் திருப்பி வாசிக்கத் தடுமாறுகிறார். அல்லது தாளைப் பார்த்து வாசித்துத் தப்பிக்கிறார். கூட்டம் உங்களுக்குக் கைதட்டுகிறது. நம் விதிகளை வைத்து நம் ஆடுகளத்தில் ஒரு விருந்தாளியைத் தோற்கடித்துவிட்டு நட்புறவு என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த மாணவர் சிரித்துக்கொண்டேதான் கும்பிடுகிறார். எனக்குத்தான் பின்வரிசையில் கூச்சமாக இருக்கிறது.

அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளியில் சீன இசைக்குழுவை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்த உங்கள் வகுப்புத் தோழர் தாளில்லாமல் ஒரு பாட்டுக்கூட வாசித்திருக்கமாட்டார். அது அவர் குற்றமில்லை. இன்று நாம் காணும் பெரிய சீன இசைக்குழு, நடத்துநர், பகுதி பகுதியாக உட்காரும் எர்ஹூக்கள் என்று மேற்கத்திய சிம்பொனிக் குழுவின் அமைப்பை எடுத்து 20-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் பலன்கள் பெரியவை. பிச்சைக்காரர் கருவி என்று இளப்பமாகப் பார்க்கப்பட்ட எர்ஹூவை லியூ தியன்ஹுவா பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனார். அவரே வயலின் கற்று, அதன் வில் உத்திகளை எர்ஹூவுக்கு எடுத்தார். 1932-இல் முப்பத்தேழு வயதில் இறப்பதற்குள் அந்தக் கருவிக்கு ஒரு கௌரவத்தை உண்டாக்கிவிட்டார். ஆனால் தாளுக்குப் பழகியதில் ஒன்று கைநழுவிப் போனது.

எது போனது என்று தெரிய வேண்டுமானால் அபிங்கைக் கேளுங்கள். வூசி நகரத் தெருக்களில் வாசித்துப் பிழைத்த பார்வையிழந்த கலைஞர் அவர். 1950-இல் யாங் யின்லியூ, சாவ் அன்ஹ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவருடைய வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார்கள். எர்ஹூவில் மூன்று, பிபாவில் மூன்று, மொத்தம் ஆறே பாட்டுகள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். அந்த ஆறில் ஒன்றுதான் ‘அர்சுவான் யிங்யுவே’. அவர் தெருவில் நடந்துகொண்டே பல ஆண்டுகள் மாற்றி மாற்றி வாசித்துவந்த பாட்டு, ஒரே ஒரு நாள் வாசித்தபடி எழுத்தில் ஏறி நின்றுவிட்டது. இன்று எர்ஹூ படிக்கிற எல்லோரும் அந்த ஒரு நாளின் வாசிப்பை அடி பிசகாமல் படிக்கிறார்கள். அபிங் உயிரோடு இருந்திருந்தால் மறுநாளே வேறுமாதிரி வாசித்திருப்பார். அந்த மறுநாள் வாசிப்பை உங்கள் தோழருக்குத் திரும்ப வாங்கிக்கொடுக்க உங்களால் முடியும். ஆலாபனையும் நிரவலும் கற்ற கை உங்களுடையது.

வயலினும் சீனக் கருவிகளும் முன்கூட்டி எழுதாத இசையில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஊரில் சான்று இருக்கிறது. நியூயார்க்கில் வாசிக்கும் ஜேசன் காவ் ஹ்வாங், சீனப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் வயலின் கலைஞர். அவருடைய ‘பர்னிங் பிரிட்ஜ்’ குழுவில் எட்டுப் பேர். வாங் குவோவெய்யின் எர்ஹூவும் சுன் லியின் பிபாவும் டியூபா, டிராம்போன், டிரம்ஸ் ஆகியவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. 2012-இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டைக் கேளுங்கள். எழுதிய பகுதி எது, அப்போது பிறந்த பகுதி எது என்று கோடு போட்டுக் காட்டுவது கடினம். 2018-இல் வந்த ‘பிளட்’ என்ற தொகுப்பை, போர்க்காலச் சீனாவில் தன் தாய் பட்ட கொடுமைகளை மனத்தில் வைத்து அவர் செய்தார். அதில் வயலினும் எர்ஹூவும் அலறுகிற இடங்களில் யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்ற கேள்வியே எழுவதில்லை. உங்களில் சிலருக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கும் எல்லாப் பகுதியும் பிடிக்கவில்லை. ஆனால் யாரும் விருந்தாளியாக வந்து போகவில்லை என்பது காதில் விழுகிறது.

அதேபோல பிபாக் கலைஞர் மின் சியாவ்ஃபென், எந்த இலக்கணத்துக்கும் அடங்காத ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் டெரெக் பெய்லியோடு உட்கார்ந்து ‘வைப்பர்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்ஸாண்டர் கலிஃபோர்னியாவிலிருந்து நடத்திய வாட்டர் லில்லி இசைத்தட்டு நிறுவனம், விஸ்வ மோகன் பட், ஜியே-பிங் சென், பேலா ஃபிளெக் மூவரையும் சேர்த்து 1996-இல் ‘டேபுலா ராசா’வை வெளியிட்டது. மோகன வீணையும் எர்ஹூவும் பேஞ்சோவும். இவர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் விமானத்தில் வந்து சேர வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு எம்ஆர்டி அட்டை போதும்.

நீங்கள் சொல்லப்போகிற தடைகள் எனக்குத் தெரியும். பாணி கெட்டுவிடும் என்பது முதலாவது. தியோச்சியூ அசைவைத் தோடியில் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லவில்லை. அங்கே போகும்போது அந்த இசைக்காரராகவே இருங்கள் என்கிறேன். இரண்டு மொழி பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் நீங்கள். மொழி தெரியாது என்பது இரண்டாவது. சீனர்களின் எண் குறியீட்டில் 1 என்றால் ச, 2 என்றால் ரி. ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும். எர்ஹூவின் இரண்டு தந்திகளும் டி, ஏ. 2 கட்டைச் சுருதியில் ச, ப. மூன்றாவது தடை தேர்வுகள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கத்தானே செய்கிறது?

உண்மையான கஷ்டம் வேறு ஒன்று. சுருதிப்பெட்டியை நிறுத்த வேண்டியிருக்கும். அவர்கள் இசையில் தம்புரா கிடையாது. பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும் சட்ஜ பஞ்சமம் இல்லாமல் வாசிப்பது முதலில் உங்களைத் திகைக்க வைக்கும். நம் பழக்கத்தில் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் எப்போதும் இருக்கிறது. அங்கே பக்கத்தில் இருப்பவரின் வில்தான் சுவர், அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்குள்ள மூத்த கலைஞர்களிடம் கேட்காமலே சுருதிப்பெட்டியை எடுத்துப்போய் ஓடவிட்டுவிடாதீர்கள்.

இனி என் வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த எர்ஹூ மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய இசைச் சங்கத்துக்குப் போங்கள். தியோச்சியூ இசைக்கு 1912-இல் தொடங்கிய எர் வூ இருக்கிறது, 1931-இல் தொடங்கிய தாவ் யோங் இருக்கிறது. கேண்டனீஸ் இசை பயிலும் மன்றங்களும் உண்டு. முன்கூட்டிக் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, பயிற்சி நாளில் போங்கள். முதல் சில வாரங்கள் வயலினை உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம். தலைமை வில்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். அவர் அனுமதித்த பிறகு நிழல்போலத் தொடருங்கள், பாடகருக்குப் பின்னால் தொடர்வதுபோலவே, ஒலியைத் தாழ்த்தி. ஒரு வருடம் முழுக்க ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெதுவாகவும் வேகமாகவும், தாள் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி வாசிக்க வருகிறதா என்று பாருங்கள். உங்கள் தோழருக்கும் அது வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு அவரை உங்கள் வகுப்புக்கு அழைத்துவாருங்கள். ஒரு ஆலாபனையைப் பின்தொடரச் சொல்லுங்கள், கணக்கெதுவும் வேண்டாம். எர்ஹூவுக்கு விரல்பலகை கிடையாது. விரல் தந்தியை அந்தரத்தில் அழுத்துகிறது, அழுத்தம் கூடினால் சுரமே ஏறுகிறது. கமகத்துக்கு இதைவிட இணக்கமான கருவியை நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது.

அந்த ஒரு வருடம் மேடை வேண்டாம். படம் எடுத்துப் போடவும் வேண்டாம். நல்லிணக்க நாளுக்குக் கூப்பிட்டால், இப்போது கற்றுக்கொண்டிருக்கிறோம், அடுத்த ஆண்டு வருகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மறுபடி கூப்பிடும்போது 40 நிமிடம் கேளுங்கள். தாள் நிறுத்தியும் எழுதிய கோர்வையும் இருக்காது, என்ன வாசிப்போம் என்று முன்னதாகச் சொல்ல முடியாது என்றும் அப்போதே தெரிவித்துவிடுங்கள். அவர்கள் தயங்கி, ஐந்து நிமிடம்தான் தர முடியும் என்றால் போகாதீர்கள். ஒப்புக்கொண்டால் எனக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்